ஸ்பேனர் யார் கையில்?

கிறிஸ்தவ சபைகள் வெளிநாட்டுக்கு உதவப் போகிற மிஷன் பயணங்கள் பெரும்பாலும் ஜூலையில்தான் கிளம்பும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை அப்போது. பெரியவர்களுக்கும் லீவு அப்போதுதான் தோதுப்படும். ஸ்காட்லாந்திலிருந்து ஆப்பிரிக்காவின் மலாவிக்குப் போகிற குழுக்களும் அப்படித்தான். மலாவியில் அது மழையில்லாத குளிர்மாதம். மண்சாலை காய்ந்து வண்டி ஓடும். ஏப்ரல், மே மாதங்களில் அறுத்த மக்காச்சோளம் வீட்டில் இருக்கும். பசி வருவது அதற்குப் பிறகுதான். டிசம்பரில் கையிருப்பு கரையத் தொடங்கும். பிப்ரவரியில் பல வீடுகளில் அடுப்பு ஒருவேளைதான் எரியும். மழையோடு மலேரியா ஏறும், காலரா வந்தால் அதுவும் அப்போதுதான் ஏறும். சாலை சேறாகிவிடுவதால் அந்த மாதங்களில் எந்தக் குழுவும் வராது. ஆக, உதவ வருகிறவர்கள் ஊரை அதன் நல்ல நாட்களில் மட்டும் பார்த்துவிட்டு, "ஏழைகள்தான், ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்!" என்று சபைப் பத்திரிகையில் எழுதுகிறார்கள்.

நான் போனதும் ஜூலையில்தான். அதனால் நான் எழுதுவதையும் கொஞ்சம் தள்ளுபடி செய்தே வாசியுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு கிளாஸ்கோ பக்கம் மகள் வீட்டில் இருக்கிறேன். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் அடிபம்புகளோடு கழிந்த உத்தியோகம் என்னுடையது. மகள் குடும்பம் போகிற சபைக்கும், மலாவியின் தெற்கே பலோம்பே மாவட்டத்தில் ஒரு சபைக்கும் நெடுநாள் உறவு உண்டு. இந்த இரண்டு நாடுகளுக்கும் இடையில் இப்படிப்பட்ட உறவுகள் ஏராளம். ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் பயணம் செய்த மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்த பிளான்டயர் கிளாஸ்கோவுக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே பஞ்சாலையில் பத்து வயதில் வேலைக்குச் சேர்ந்த பையன் அவர். 1876-ல் ஸ்காட்லாந்து சபை மலாவியில் மிஷன் தொடங்கியபோது அந்த ஊர்ப் பெயரையே அதற்கு வைத்தார்கள். இன்று அந்தப் பிளான்டயர் பெரிய வணிக நகரம். 2005-ல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தமே போட்டுக்கொண்டன.

சபையில் புதிய ஆழ்துளைக் கிணறு தோண்டப் பணம் திரட்டியிருந்தார்கள். கேக் விற்றார்கள், பிள்ளைகள் நடைப்பயணம் போனார்கள். கிணற்றின் மேடையில் பதிக்க ஒரு பெயர்ப்பலகைக்குக்கூட வாசகம் தயாராக இருந்தது. ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். "அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே எத்தனை பம்பு இருக்கிறது, எத்தனை ஓடுகிறது?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அங்குள்ள போதகரிடம் கேட்டு எழுதினோம். பதில் வந்தது: நடந்து போகும் தூரத்தில் மூன்று இருக்கின்றன, ஒன்றுதான் ஓடுகிறது.

எனக்கு ஆச்சரியம் வரவில்லை. கிராமப்புறக் குடிநீர் வேலையில் இருக்கிறவர்களின் சர்வதேச வலையமைப்பு ஒன்று 2009-ல் வெளியிட்ட கணக்கில், சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளில் மூன்றில் ஒரு பம்புக்கு மேல் ஓடாமல் நின்றிருந்தது. அந்தப் பம்புகளில் பெரும்பாலானவற்றைத் திறந்துவைக்க யாரோ ஒருவர் வந்திருப்பார், யாரோ ஜெபித்திருப்பார்கள், யாரோ ரிப்பன் வெட்டியிருப்பார்கள். பழுது பார்க்கத்தான் ஆளில்லாமல் போயிருக்கும்.

"நீங்க ரிட்டையர் ஆகி எவ்வளவு நாளாச்சு, இப்ப ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் பம்பு பார்க்கணுமாப்பா?" என்றாள் மகள். டிக்கெட்டையும் அவளேதான் போட்டாள்.

அடிபம்பு சாவது இரும்பு உடைந்து அல்ல. உள்ளே, தரைக்குக் கீழே பல மீட்டர் ஆழத்தில் சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனில் ஒரு வாஷர் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் சாமான். ஒவ்வொரு அடிக்கும் அது சிலிண்டரோடு உரசுகிறது. தண்ணீரில் மணல் வந்தால் சீக்கிரம் தேயும். தேய்ந்ததும் முதலில் தண்ணீர் மெலிகிறது, பிறகு பத்து இருபது முறை வெறுமனே அடித்தபின் வருகிறது, ஒரு நாள் வருவதே இல்லை. வாஷரை மாற்றினால் பம்பு பிழைத்துக்கொள்ளும். மாற்றாவிட்டால் ஜனங்கள் பழைய குட்டைக்கும் திறந்த கிணற்றுக்கும் திரும்புவார்கள். ஓடாத பம்பின் கைப்பிடி, நட்டு, போல்ட் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். அதன் பிறகு அதைப் பார்க்கிறவர், "இந்த ஜனங்களுக்குக் கொடுத்ததை வைத்துக் காப்பாற்றத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார். மலாவியில் 2022-லும் 2023-லும் வந்த காலரா அந்த நாடு கண்டதிலேயே மோசமானது. 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். காரணங்கள் பல. குடிக்கிற தண்ணீர் அதில் முதல் வரிசை.

பம்பின் கதையிலேயே மிஷன் கதையும் இருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியவில்லை. உலகம் முழுக்கப் போன நம் இந்தியா மார்க் டூ பம்பின் முன்னோர்கள், மகாராஷ்டிராவில் ஜால்னா, சோலாப்பூர் மிஷன் வட்டாரங்களில் உருவான எஃகுப் பம்புகள். வறட்சிக் காலத்தில் வார்ப்பிரும்புப் பம்புகள் உடைந்து உடைந்து நின்றதைப் பார்த்துச் செய்தவை. யுனிசெஃப் அதை எடுத்துக்கொண்டது. எழுபதுகளின் பிற்பகுதியில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதித்து மார்க் டூவாக்கினார்கள். நல்ல முரட்டுப் பம்பு. ஒரே குறை, வாஷர் மாற்ற வேண்டுமென்றால் இரும்புக் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். முக்காலி, சங்கிலி, வேன், ஒரு கூட்டம் ஆட்கள். வேன் வரும்வரை ஊர் காத்திருக்கும். எண்பதுகளில் அதே கோயம்புத்தூர் பக்கம் நடந்த இன்னொரு சோதனையில்தான், குழாயைத் தூக்காமலே பிஸ்டனை மட்டும் மேலே உருவியெடுக்கும் மார்க் த்ரீ பிறந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் கென்யாவிலும் மலாவியிலும் ஆஃப்ரிடெவ் உருவானது. பிளாஸ்டிக் குழாய், மேலே திறந்த சிலிண்டர், கிட்டத்தட்ட எல்லா வேலைக்கும் ஒரே ஸ்பேனர். ஊர்க்காரர்களே பழுது பார்க்கவேண்டும் என்பதற்காகவே வடிவமைத்த பம்பு அது. மலாவி அரசு ஆழ்துளைக் கிணறுகளுக்கு அதையே நாட்டின் பொதுப் பம்பாக வைத்துக்கொண்டது புத்திசாலித்தனமான முடிவு. ஆளுக்கொரு நாட்டுப் பம்பைக் கொண்டுவந்து நட்டால் ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

பலோம்பேயில் முலாஞ்சே மலை கண்ணுக்கு நேரே எழுந்து நிற்கும். 3,000 மீட்டர். அதன் அடிவாரத்திலிருந்து சில்வா ஏரி வரை சமவெளி. 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் இந்தப் பக்கத்தையும் புரட்டிப் போட்டது. மலையிலிருந்து கல்லும் சேறும் இறங்கின. நாங்கள் போனபோது ஆற்றின் பழைய தடம் வயல்களின் நடுவே மணலாகக் கிடந்தது.

முதலில் ஊர்த்தலைவரைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எதுவும். மாமரத்தடியில் கூட்டம். எங்களுக்கு நாற்காலி, ஆண்களுக்குப் பெஞ்சு, பெண்களுக்குத் தரையில் பாய். எனக்குத் தலை நரைத்திருந்ததால் எல்லாரும் "அகோகோ" என்று தாத்தா முறை வைத்து அழைத்தார்கள். நல்ல இடத்தில் உட்காரவைத்தார்கள். வணக்கம், பதில் வணக்கம், பாட்டு, ஜெபம், மறுபடியும் பாட்டு. எங்கள் குழுவின் இளைஞர்களுக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கு அசன விருந்துக்கு முந்தைய கமிட்டிக் கூட்டம் போல வெகு பழக்கமாக இருந்தது.

மெக்கானிக் சைக்கிளில் வந்தார். பெண். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் சிட்டெஞ்சே துணி, அதன் முடிச்சில் ஸ்பேனர். மாவட்டத் தண்ணீர் அலுவலகம் பயிற்சி கொடுத்து, ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் என்று வைத்திருக்கும் ஏரியா மெக்கானிக். சம்பளம் கிடையாது, பழுது பார்க்கும் ஊர் கூலி கொடுக்க வேண்டும். ஓடாத பம்பின் மூடியைக் கழற்றி, ராடுகளை ஒவ்வொன்றாக உருவி, கொக்கியைக் கழற்றி அடுக்கி, பிஸ்டனை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். வாஷர் காகிதமாகத் தேய்ந்திருந்தது. பையிலிருந்து புதியதை எடுத்துப் போட்டார், வால்வையும் மாற்றினார், எல்லாவற்றையும் இறக்கினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் காலத்தில் வேன் வர மனுப்போட்டு ஊர் காத்திருந்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. சுற்றி நின்ற பெண்கள் பாடிக்கொண்டே அடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் துருத் தண்ணீர், பிறகு தெளிந்த தண்ணீர்.

எங்கள் குழுப் பையன் ஒருவன், "நாமும் கொஞ்சம் பிடித்து உதவலாமே, அங்கிள்" என்றான். மகளோடு சண்டே ஸ்கூலில் பழகியவன், அதனால் அந்த உரிமை. "வேண்டாம்ப்பா, அந்த அம்மா தொழிலில் கைவைக்காதே" என்றேன்.

அவ்வளவு எளிதாக ஓடக்கூடிய பம்பு ஏன் ஒன்றரை வருடம் நின்றது என்பதுதான் கேள்வி. தண்ணீர்க் கமிட்டியின் பொருளாளரிடம் கேட்டோம். வயதான அம்மா, சபையின் ம்வானோ பெண்கள் சங்கத்திலும் முக்கியமானவர். நோட்டைக் கொண்டுவந்தார். வீட்டுக்கு வீடு மாதாமாதம் வாங்கிய பணம் ஒழுங்காக எழுதியிருந்தது. பிறகு 2023 மார்ச். சவப்பெட்டி செய்யப் பலகை. அடக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சோளமாவு. விதை. அத்தோடு கையிருப்பு பூஜ்யம். அதன் பிறகு வரவே இல்லை. 2023 நவம்பரில் மலாவி நாணயமான குவாச்சாவின் மதிப்பை அரசு ஒரேயடியாக 44 சதவீதம் குறைத்தது. வாஷர் விலை எங்கோ போய்விட்டது.

அன்று இரவு எங்கள் கூட்டத்தில், தண்ணீர்ப் பணத்தை வேறு செலவுக்கு எடுத்தது கையாடல்தானே என்று ஒருவர் கேட்டார். அவர் கணக்குத் தணிக்கை வேலையில் இருப்பவர். கேள்வியில் விஷமம் இல்லை. ஆனால் புயலில் செத்தவர்களைப் புதைக்க ஊரில் வேறு பணம் இல்லாதபோது, பொதுப்பெட்டியைத் திறக்காத கமிட்டியை நான் நம்பமாட்டேன். நோட்டில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்களே, அதைவிடத் தணிக்கைக்கு என்ன வேண்டும்?

விவாதம் நீண்டது. புதிய கிணற்றுக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை நியாயமானது. "வாஷர் வாங்கினோம்" என்றால் புகைப்படத்துக்கு என்ன இருக்கிறது? கடைசியில் முடிவெடுத்தது நாங்கள் இல்லை. எங்கள் பெண் போதகர், "அவர்களையே கேட்போம்" என்று சொல்லி எல்லாருடைய வாயையும் அடைத்தார். மாமரத்தடியில் மறுபடியும் கூட்டம். அவர்கள் கேட்டது: இரண்டு பழைய பம்புகளைச் சரிசெய்வது, வட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் பொதுவாக ஸ்பேர் வாங்கி வைத்து விற்க ஒரு சின்ன முதல், மெக்கானிக் அம்மாவுக்கு ஊர்கள் வைத்திருந்த கூலிப் பாக்கி. கடைசியாகச் சொன்னதை ஊர்க்காரர்கள் சொல்லவில்லை, அந்த அம்மாவே எழுந்து சொன்னார். "சபைக்காரர்கள் வந்தால் எல்லாரும் இதை ஊழியம் என்கிறார்கள். ஊழியம் என்றால் எனக்குக் கூலி கிடைப்பதில்லை." ஊர்த்தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பாக்கியை ஊரே அறுவடைச் சோளத்தில் தீர்ப்பது என்று முடிவானது. மாதாமாதம் காசு வாங்குவதை விட்டுவிட்டு, இனிமேல் தண்ணீர் வரியையும் அறுவடை முடிந்ததும் சோளமாகவே வாங்குவது என்றும் அவர்களே பேசிக்கொண்டார்கள். பசி மாதங்களில் காசு கேட்டால் யார் கொடுப்பார்கள்? இந்த யோசனை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெயர்ப்பலகை பெட்டியிலேயே திரும்பி வந்தது.

பயணத்தில் வேறு வேலைகளும் நடந்தன. பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தோம். ஊரில் இரண்டு பெயின்டர்கள் வேலையில்லாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் நாள் அவர்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டோம், சுவர் ஒழுங்காக வந்தது. குழுவிலிருந்த நர்ஸ் மருத்துவ முகாம் போட ஆசைப்பட்டார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அங்கே வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் முறையான பதிவு வேண்டும். சுகாதார நிலையத்தில் இருந்தவர் மரியாதையாக ஆனால் கறாராகச் சொல்லிவிட்டார். சரிதான். மலாவியின் மருத்துவ சேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தருவது 1966-ல் சபைகள் ஒன்றுசேர்ந்து அமைத்த கிறிஸ்தவ சுகாதாரச் சங்கம். அதன் ஆஸ்பத்திரிகளில் இன்று வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் மலாவிக்காரர்கள்தான். பழைய மிஷனில் மிச்சப்பட்டது அப்படி ஊன்றி நின்ற இடங்களில்தான். ஒரு வாரம் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனதில் அல்ல.

இந்த வகைப் பயணங்களுக்கு எதிராகச் சொல்லப்படும் கணக்கை எனக்கும் தெரியும். 1998-ல் மிட்ச் புயல் ஹோண்டுராஸை அழித்தபின் வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் போய் வீடுகள் கட்டின. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் பிறகு அதை ஆராய்ந்தார். பயணச் செலவையும் சேர்த்தால் குழு கட்டிய ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 30,000 டாலர். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு அதே மாதிரி வீட்டை 2,000 டாலரில் கட்டியது. குடியிருந்தவர்களின் வாழ்க்கையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. போய்வந்தவர்களின் வாழ்க்கையிலும் காணிக்கையிலும் பெரிய மாற்றம் நிலைக்கவில்லை. "போனவர்கள் மாறிவிட்டார்கள்" என்பதுதான் இந்தப் பயணங்களுக்குச் சபைகள் சொல்லும் கடைசி நியாயம். அதுவும் அங்கே ஆட்டம் கண்டுவிட்டது.

அப்படியானால் பணத்தை மட்டும் அனுப்பிவிட்டால் போதுமா? பணத்தை மட்டும் அனுப்பியிருந்தால் நாங்கள் நான்காவதாக ஒரு பம்பை நட்டு, அதையும் சாகவிட்டிருப்போம். நோட்டைப் பார்த்தது போனதால்தான். அதே சமயம், பார்த்துவர இத்தனை பேர் போகத் தேவையில்லை என்பதும் உண்மை. இரண்டு பேர் போதும். பசி மாதத்தில் போனால் இன்னும் நல்லது.

ஒரு நாள் சிராட்சுலு பக்கம் கூட்டிப் போனார்கள். ஜான் சிலெம்ப்வேயின் ஊர். மலாவியின் 500, 2,000 குவாச்சா நோட்டுகளில் அவர் முகம் இருக்கிறது. ஜோசப் பூத் என்ற மிஷனரியோடு 1897-ல் அமெரிக்கா போய், கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளின் உதவியோடு படித்து, 1900-ல் திரும்பிவந்து மிஷன் நடத்தியவர். பக்கத்திலேயே மகொமேரோ எஸ்டேட். லிவிங்ஸ்டனின் மருமகன் குடும்பத்துச் சொத்து. குடியிருப்பதற்கு வாடகையாக உழைப்பைப் பிடுங்கும் தங்காட்டா முறை அங்கே கடுமையாக இருந்தது. சிலெம்ப்வே கட்டிய ஜெபவீடுகளை எஸ்டேட் மேனேஜர் கொளுத்தினார். 1915 ஜனவரியில் சிலெம்ப்வே கிளர்ச்சி செய்தார், மேனேஜர் கொல்லப்பட்டார், சில நாட்களில் சிலெம்ப்வேயையும் சுட்டுக் கொன்றார்கள். அவர் கட்டிய பெரிய செங்கல் தேவாலயத்தை அரசு வெடிவைத்துத் தகர்த்தது. 1914-ல் எடுத்த ஒரு புகைப்படத்தில் அவர் ஒரு வெள்ளைக்கார மிஷனரியின் பக்கத்தில் தொப்பியோடு நிற்கிறார். வெள்ளைக்காரர் முன்னால் ஆப்பிரிக்கர் தொப்பி போடக்கூடாது என்றிருந்த காலம். 2022-ல் அந்தப் படத்தை வைத்து லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் சிலை நிறுத்தினார்கள். சிலெம்ப்வேயின் உருவம் பெரிது, மிஷனரி சிறிது.

எங்கள் குழுவில் பலர் லிவிங்ஸ்டனின் பிறந்த வீட்டு அருங்காட்சியகத்துக்குப் பள்ளியிலிருந்து போனவர்கள். சிலெம்ப்வேயைக் கேள்விப்பட்டவர் யாரும் இல்லை.

எனக்கு அசரியா ஐயர் ஞாபகம் வந்தார். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-ல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, நம் ஜனங்களின் காணிக்கையில் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பியவர். 1912-ல் இந்தியாவின் முதல் ஆங்கிலிக்க இந்தியப் பேராயர். 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், பெரும்பாலும் வெள்ளைக்காரர்களாக இருந்த சபையில் அவர் பேசினார். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். இந்திய ஊழியரை வீட்டுக்கு அழைத்து ஒருவேளைச் சாப்பாடு போடாத மிஷனரிகளைப் பற்றிய பேச்சு அது. கேட்டவர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வந்ததும் எங்கள் சபையில் இதைச் சொன்னேன். அந்த மாநாடு நடந்த மண்டபம் ரயிலில் ஒரு மணி நேரத் தூரம். யாருக்கும் இந்தப் பேச்சு தெரிந்திருக்கவில்லை.

"அப்படியென்றால் அவர்களையும் நாம் இங்கே அழைக்க வேண்டும்" என்றார் தணிக்கைக்காரர். அவரேதான். பொருளாளர் அம்மாவையும் மெக்கானிக் அம்மாவையும் அழைப்பது என்று முடிவானது. மெக்கானிக் அம்மா வாட்ஸ்அப்பில் கேட்டது ஒன்றே ஒன்று: கிளாஸ்கோவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று காட்டுவீர்களா? லாக் கேட்ரின் ஏரியிலிருந்து வருகிறது. அந்தத் திட்டத்தைத் திறந்தது 1859-ல். லிவிங்ஸ்டன் மலாவி ஏரியை எட்டியதும் அதே வருடம். அதற்கு முன்பு கிளாஸ்கோவும் காலராவில் ஆயிரக்கணக்கில் செத்த ஊர்தான். இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். குழாய் எந்த அளவு, வால்வு யார் பார்க்கிறார்கள் என்று பதில் கேள்விகள் வந்தன. தொழில்காரர் கேள்வி.

விசா கிடைக்கவில்லை. நாடு திரும்புவார்கள் என்பதற்கு ஆதாரம் போதாதாம். பொருளாளர் அம்மாவுக்கு நிலம் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், ஊர்ப் பணம் முழுவதும் அவர் கையில் இருக்கிறது. வங்கிக் கணக்கு இல்லை. அவருடைய சேமிப்பு திண்ணையில் பெண்கள் கூடி நடத்தும் சீட்டுக் குழுவில் இருக்கிறது. பணப்பெட்டி ஒருவர் வீட்டில், சாவி வேறு ஒருவர் வீட்டில். அதற்கு ஸ்டேட்மென்ட் வாங்க முடியாது.

மறுபடி விண்ணப்பிப்பதா என்று மூப்பர் கூட்டத்தில் பேச்சு வந்தது. விசாக் கட்டணம், இரண்டு டிக்கெட், குளிருடை எல்லாம் கூட்டிப் பார்த்த ஒருவர், "இந்தப் பணத்துக்கு எத்தனை வாஷர் வாங்கலாம்!" என்றார். "நாம் போனபோது இந்தக் கணக்கை யாரும் போடவில்லையே" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் இரைச்சலாக இருந்தது. வாக்கெடுப்புக்கு விட்டார்கள், இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. இந்த முறை நிலப் பத்திரத்தின் நகலையும், ஊர்த்தலைவரின் கடிதத்தையும், தண்ணீர்க் கமிட்டி நோட்டின் கடைசிப் பக்கங்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். மொழிபெயர்ப்பும் சான்றொப்பமும் தணிக்கைக்காரர் பொறுப்பு.